2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை: காற்று புகும் கார்களும் கேமரன் மலைக் குளிரும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், சிங்கப்பூரில் பழைய கார்களைக் கட்டி மேய்க்கும் நம் சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் ரோட்டில் வண்டிகளை வரிசையாக ஓட்டலாம் என்ற யோசனையை, நெரிசலில் எத்தனை ரேடியேட்டர் கொதிக்கும் என்று யோசித்துக் கைவிட்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆண்டின் பெரிய வேலை மலேசியாவின் கேமரன் மலையில் தொடங்கியது. மார்ச் பள்ளி விடுமுறையில் தாப்பா வழியாக ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. அங்குள்ள தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். இரவில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். இங்கிலாந்தின் லெஸ்டரில் வேலை பார்க்கும் தன் மகள் அந்தக் குளிருக்கு டீ-ஷர்ட்டோடு நடப்பாள் என்று ஓர் உறுப்பினர் சிரித்தார். இருக்கலாம். ஆனால் அவளுடைய கார்க் கதவு ஒழுங்காக மூடும். நமக்கோ பெடல் வழியாக ஊதல்காற்று, டேஷ்போர்டுக்கு அடியில் சொட்டும் தண்ணீர், மூச்சு பட்டு வெளுத்துப்போன கண்ணாடி. பின்சீட்டில் இருந்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். ஹீட்டரைத் திருப்பியவர்களுக்குச் சில்லென்ற காற்றுதான் வந்தது. சில வண்டிகளில் திருப்ப ஹீட்டரே இல்லை. மோரிஸ் மைனரிலும் 1959இல் வந்த மினியிலும் ஆரம்பத்தில் ஹீட்டர் தனிக்காசு கொடுத்து வாங்கும் சாமான். வெயில் ஊருக்கு வரும் வண்டிக்கு அதற்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?

திரும்பி வந்ததும் செயற்குழுவில் இரண்டு கட்சி. சிகரெட் லைட்டரில் சொருகும் 12 வோல்ட் மின் ஹீட்டரை மொத்தமாக வாங்கித் தரலாம் என்றது ஒன்று. முதலில் ஓட்டையை அடைப்போம் என்றது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. காரணத்தையும் பதிவு செய்கிறேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர் தரும். முன்விளக்கு இரண்டும் 45 வாட் என்றால் அதிலேயே ஏழரை ஆம்பியர் போய்விடும். அப்புறம் வைப்பர், இக்னிஷன், பின்விளக்கு. 150 வாட் மின் ஹீட்டர் ஒன்று பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். மழையில் மலை ஏறும்போது பேட்டரிதான் மிச்சத்தைக் கொடுத்தாக வேண்டும். அவ்வளவு இழுத்தும், தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் ஒரு சின்னப் பங்குதான் அதில் வரும். காற்று அடிக்கும் காருக்குள் அது எந்த மூலைக்கு?

ஆகவே காக்கி புக்கிட்டில் ஓர் உறுப்பினரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஊதுவத்தி கொளுத்திப் பிடிக்க, வெளியே பெரிய மின்விசிறியைக் காரின் மூக்குக்கு நேராக வைத்தோம். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. கதவு ரப்பருக்குக் காகிதச் சோதனை: துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், இறுக்கம் தெரிய வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது.

எல்லாரும் கதவு ரப்பர்மேல்தான் பழி போட்டார்கள். புகை வேறு இடத்தைக் காட்டியது. எஞ்சினுக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் வயரும் கேபிளும் நுழையும் ஓட்டைகளின் ரப்பர் வளையங்கள் நொறுங்கிப் போயிருந்தன. கியர் கம்பியின் உறை கிழிந்திருந்தது. தரையில் இருக்க வேண்டிய ரப்பர் அடைப்பான்கள் எப்போதோ விழுந்துவிட்டன. ஆக்சிலேட்டர் கம்பி வரும் துளையில் விரலே போகும். இவை எல்லாம் சில வெள்ளிச் செலவில் முடியும் வேலை. கதவு ரப்பர்தான் செலவு, அதிலும் அவசரப்பட்டால் தொல்லை. கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்கினால், எவ்வளவு தடித்த ரப்பர் ஒட்டினாலும் மேலே இடைவெளியும் கீழே இறுக்கமுமாகத்தான் நிற்கும். கீலைச் சரி செய்துவிட்டு ரப்பரை அளப்பதே முறை.

காற்று நுழையும் வழியில்தான் தண்ணீரும் நுழைகிறது. வருடத்தில் சில நாள் மலைக்குப் போவதற்காகவா இத்தனை பாடு என்று கேட்டவர்களுக்கு, பட்டறையில் கார்பெட்டைத் தூக்கிக் காட்டினோம். அடியில் இருந்த சணல் மெத்தை ஈரம் குடித்து, தகடு துருவாக உதிர்ந்தது. நம் ஊர் மழைக்குச் சணல் ஆகாது. தண்ணீரை உறிஞ்சாத நுரை விரிப்பு போட்டால் காலில் குளிரும் ஏறாது, சத்தமும் குறையும்.

சூட்டுக்கு வருவோம். தண்ணீரில் குளிரும் எஞ்சின் எப்படியும் வீணாக்கும் வெப்பத்தைத்தான் ஹீட்டர் உள்ளே அனுப்புகிறது. மின்செலவு அதன் சின்ன விசிறிக்கு மட்டுமே. அது சில்லென்று ஊதியதற்குக் காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, இல்லாததுதான். “இந்த வெயிலுக்கு இது எதற்கு?” என்று கழற்றி வீசிவிட்ட மெக்கானிக்குகள் இங்கே நிறைய. அது இல்லாவிட்டால் மலை இறக்கத்தில் எஞ்சின் சூடே ஏறாது. பெட்ரோல் சரியாக எரியாமல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். மைனர், மினி போன்றவற்றுக்கு 74, 82, 88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. வெயில் ஊருக்கு 74, குளிர் நாட்டுக்கு 88. 82ஐப் போட்டால் இரண்டு ஊருக்கும் ஒத்துவரும் என்பது என் எண்ணம். கொதிப்புக்குப் பயந்து 74 போதும் என்பவர்களோடு சண்டையில்லை. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவோரோடுதான் சண்டை: அதில் கலக்கும் கூலன்ட் திரவம் உறைபனிக்கு மட்டுமல்ல, துருவுக்கும்தான். ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்து மறைப்பது பனி பெய்யும் நாட்டு வழக்கம். இங்கே யாரும் முயல வேண்டாம்.

வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதில் சூட்டுக் காற்று புகைக்குழாயைச் சுற்றிய உறைக்குள் ஓடி, கதவடி வழியாகக் காலுக்கு வருகிறது. குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அதற்கு வாசனை கிடையாது. எந்தக் காரிலும் பூட் மூடியின் ரப்பர் போயிருந்தால் பின்னாலிருந்து புகை உள்ளே இழுக்கப்படலாம். அதனால் புகைக்குழாயைப் பார்க்காமல் யாரும் ஓட்டைகளை அடைக்கக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது. வெளிக்காற்றுக்கென்றே வைத்த துவாரத்தை அடைக்கவே கூடாது.

டிசம்பரில் மறுபடி மலை ஏறினோம். ஜூலை 1 முதல் மலேசியா வாகன நுழைவு அனுமதியைக் கண்டிப்பாகக் கேட்பதால் தாள் வேலை கூடிவிட்டது. சிங்கப்பூரைவிட்டுப் போகும் காரில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்கு டாங்கை முழுசாகவே நிரப்பச் சொன்னோம், நம் வண்டிகளில் பெட்ரோல் முள் எப்போது உண்மை பேசியது? மழையும் வந்தது. ஓட்டைகளை அடைத்த கார்களில் கால் நனையவில்லை, கண்ணாடியும் சீக்கிரம் தெளிந்தது. துணிக்கூரை வண்டிக்காரர் மட்டும் இந்த முறையும் நடுங்கினார். அவருக்குத் தேக்காவில் கம்பளி வாங்கித் தந்ததைப் பொருளாளர் எந்தக் கணக்கில் எழுதுவார் என்று தெரியவில்லை.

கதவு ரப்பரை மொத்தமாகத் தருவிக்கப் போகிறோம். பழைய ரப்பரை எறியாமல் ஒரு விரல் நீளம் வெட்டி, கார் மாடலையும் ஆண்டையும் ஒட்டி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் மட்டும் அனுப்பினால் அளவு தெரியாது. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட அனுமதியுள்ள வண்டிகள் பட்டறைக்கு வந்துபோக ஒரு நாள் செலவாகும் என்பதால், அவற்றுக்கு ரப்பரையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரே வரவில் முடித்துத் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்