செல்போன் உள்ளே, கேமரா வெளியே: தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்ப்பவன், படம் எடுப்பதில் ஆசை உள்ளவன். இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் ஒருவர் ஒரு ஸ்டில் கேமரா, அதில் மாட்டிய ஒரு லென்ஸ், இவ்வளவுடன் மைதானத்துக்குள் வர அனுமதியுங்கள். லென்ஸின் குவிய நீளத்துக்கு, அதாவது எவ்வளவு தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் என்று சொல்லும் மி.மீ. எண்ணுக்கு, வரம்பு வையுங்கள். முக்காலி கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் கேமரா எதுவானாலும் வெளியே என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்த வேண்டாம்.

ஐபிஎல் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினால் கூடவே ஒரு தடைப் பட்டியல் வருகிறது. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஹெல்மெட், பெரிய பை, இவற்றுக்கு நடுவில் கேமரா. பாட்டிலை ஏன் தடுக்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் வீரர் மேல் ஒன்று வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கேமராவுக்கு அப்படி ஒரு காரணத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

வாசலில் சோதனை போடுபவர் செல்போனைப் பார்த்ததும் "சரி, போங்க" என்கிறார். அந்த போன் இன்றைக்கு என்னவெல்லாம் செய்கிறது! சாம்சங் எஸ்22 அல்ட்ரா, எஸ்23 அல்ட்ரா போன்களில் உள்ள 10 மடங்கு ஜூம், கேமராக்காரர்கள் சொல்லும் 35 மி.மீ. கணக்கில் ஏறக்குறைய 230 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதே வரிசையில் நிற்கும் ஒரு கல்லூரி மாணவி, 18-55 மி.மீ. லென்ஸ் மாட்டிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருந்தால் அவரைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த லென்ஸ் போன் எட்டுகிற தூரத்தில் பாதியைக்கூட எட்டாது. அதிகம் எட்டுவதற்கு அனுமதி, குறைவாக எட்டுவதற்குத் தடை என்பதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியவில்லை.

உங்கள் தரப்பில் முதலில் வரக்கூடிய பதில் வணிக உரிமை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் அசையும் படத்தைக் காக்க நினைப்பது இயல்பு. அப்படியானால் வீடியோவைத் தடுங்கள். ஒரு கேமராவில் எடுத்த நிழற்படம் எந்த ஒளிபரப்பாளரின் பார்வையாளரையும் பறித்துக்கொண்டு போகாது.

நிழற்படத்துக்கும் உரிமை இருக்கிறது, பத்திரிகைகளுக்குப் படம் விற்பவர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கலாம். அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேலரியின் நடு வரிசையில் இருந்து ஆடுகளம் 90 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவு சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால், அந்தத் தூரத்தில் சுமார் 16 மீட்டர் அகலமும் 11 மீட்டர் உயரமும் படத்துக்குள் வரும். பேட்ஸ்மேன் அந்த உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருப்பார். எல்லைக்கோட்டை ஒட்டி உட்காரும் பத்திரிகைப் புகைப்படக்காரர் 600 மி.மீ. லென்ஸில் அதே ஆட்டக்காரரைப் படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நிரப்பிவிடுவார். சென்சார் சிறியதாக இருந்தால் நமக்குக் கொஞ்சம் நெருங்கும், அவ்வளவுதான். கேலரியில் இருந்து 200 மி.மீ. லென்ஸோடு யாரும் அவர்களுடைய வேலையைப் பறிக்க முடியாது. கேலரியில் இருப்பவர் எடுப்பது வேறு படம். மைதானம் மொத்தமும், சாயங்கால வெளிச்சமும், ஸ்கோர்போர்டும், எழுந்து நிற்கும் ஜனமும் அதில் இருக்கும்.

அந்தப் படம் ஏன் முக்கியம் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1983 ஜூன் 18. டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். அந்த இன்னிங்ஸுக்கு வீடியோ பதிவே கிடையாது. மிஞ்சியிருப்பது ஸ்கோர்கார்டும், சில நிழற்படங்களும், பார்த்தவர்கள் சொன்ன கதைகளும்தான். அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இன்று என்ன மதிப்பு இருக்கும்!

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1932 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்), சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானம். பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடிப்பதற்கு முன்னால் கையை நீட்டி 'அங்கே அடிக்கப்போகிறேன்' என்று காட்டினாரா இல்லையா என்பது பேஸ்பாலில் ஓயாத வழக்கு. அன்று பார்வையாளர்கள் கையில் கொண்டுபோன 16 மி.மீ. கேமராவில் அந்த நிமிடம் பதிவாகியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் சுருள்கள் வெளியே வந்தன. வழக்கு தீர்ந்துவிடவில்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் பேச ஒரு சாட்சி கிடைத்தது. அதைக் கொடுத்தது டிக்கெட் வாங்கி உள்ளே போன சாதாரண ஆட்கள்.

படமெடுக்கும் உரிமை சிலர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம். 2012இல் இங்கிலாந்து அணி டெஸ்ட் தொடருக்கு வந்தபோது பத்திரிகைகளுக்குப் படம் விற்கும் சில முகமைகளுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் (பிசிசிஐ) அனுமதி மறுத்தது. அதை எதிர்த்துப் பெரிய செய்தி முகமைகளும் விலகி நின்றன. இங்கிலாந்து இந்திய மண்ணில் 2-1 என்று வென்ற தொடர் அது, அப்படி ஒன்று நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட தொடரைச் சுதந்திரமாகப் படமெடுக்க ஆள் குறைந்துபோனது.

சேப்பாக்கத்துக்கு வருவோம். 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி இங்கேதான். 1986இல் ஆஸ்திரேலியாவுடன் டை ஆனதும் இங்கேதான். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இன்று வரை எல்லோரும் பேசுவது அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான். அதைக் கேலரியின் உள்ளே இருந்து, பக்கத்தில் நிற்பவர் முகத்தோடு எடுத்த படங்கள் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் இருக்கும்? மைதானமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்காகப் பழைய கான்கிரீட் கேலரிகளில் பெரும்பகுதி போய்ப் புதியவை வந்தன. ஐ, ஜே, கே கேலரிகள் 2012 முதல் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் கருணாநிதி பெயரில் புதிய கேலரி திறந்தது. பத்திரிகைக் கேமரா ஆட்டக்காரரைத் தொடர்ந்து போகும். கேலரி அதற்குப் பின்னணிதான். உட்கார்ந்த இடத்தை நினைவில் வைப்பது அங்கே உட்கார்ந்தவருடைய கேமராதான்.

செல்போனில் எடுத்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பார்கள். பகல் வெளிச்சத்தில் சரி. விளக்கு வெளிச்சத்தில், 90 மீட்டர் தள்ளி ஓடும் ஆளை எடுக்கும்போது போனின் குட்டி சென்சார் திணறுகிறது. முகம் வண்ணப்பூச்சு போலக் குழைந்துவிடுகிறது. படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகம் (படம் பதிவாக வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) என்றால் என்ன என்று புரியவைக்க ஒரு வேகப்பந்து வீச்சாளரை விட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

உங்கள் தரப்பில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரியும் கவலை இன்னொன்று. அதை முழு மனதோடு ஏற்கிறேன். நீள லென்ஸை ஆடுகளத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் பக்கம் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் துளி இரக்கமும் காட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் புகார் சொன்னால் அந்த ஆளை உடனே வெளியே அனுப்புங்கள், மறுபடி டிக்கெட் கொடுக்காதீர்கள். ஆனால் இந்தக் குற்றத்தைச் செய்ய இன்றைக்கு சட்டைப் பையில் இருக்கும் போனே போதும், பெரும்பாலும் நடப்பதும் அதில்தான். ஆகவே விதி நடத்தையைப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்றால், விமானத்துக்குள்ளேயே கைப்பையில் கேமரா போகிறது. ஸ்கேனரில் போடுங்கள், ஆன் செய்து ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விம்பிள்டனில் 300 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸுக்குத்தான் தடை, அதற்குக் கீழே பிரச்சினை இல்லை. அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் சொந்த உபயோகத்துக்குக் கேமரா கொண்டுபோவது சாதாரண விஷயம். நம் காவலர்களுக்கும் ஒரு எண்ணைக் கொடுத்தால் வேலை சுலபம். லென்ஸின் முன்வளையத்திலோ பக்கவாட்டிலோ அதன் குவிய நீளம் அச்சடித்தே இருக்கும். இப்போது ஒரு கேட்டில் விடுவார்கள், அடுத்த கேட்டில் விடமாட்டார்கள் என்பது பல ஊர் மைதானங்களில் ரசிகர்களுக்குப் பழகிப்போன வேதனை. திருப்பி அனுப்பப்பட்டவர் முன்பின் தெரியாத பெட்டிக்கடையில் பணம் கொடுத்துக் கேமராவை வைத்துவிட்டு, ஆட்டம் முழுக்க அதே நினைப்பில் உட்கார்ந்திருக்கிறார். எந்த விதி வைத்தாலும் சரி, வாசலில் டோக்கன் போட்டுப் பொருளை வாங்கி வைக்கும் ஒரு கவுன்டராவது வேண்டும்.

ஐபிஎல்லும் சர்வதேச ஆட்டமும் உங்கள் கையில் மட்டும் இல்லை, பிசிசிஐ சொல்ல வேண்டும் என்பது தெரியும். ஆனால் 2016இல் நீங்களே தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) உங்களுடையது. திண்டுக்கல், கோவை, சேலம், திருநெல்வேலி என்று ஊர் ஊராகப் போகும் தொடர் அது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கரால் பெயர் வாங்கியது அதில்தான். 2021 ஜனவரியில் அவர் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். இப்படி ஒருவர் வளரும் வருடங்களில் பெரிய முகமைகள் வருவதில்லை. அந்த நாட்களைப் பதிவு செய்ய ஆசையாக இருப்பவர்கள் உள்ளூர் ரசிகர்கள்தான். முதல் டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கும் இது பொருந்தும். பெண்கள் கிரிக்கெட்டுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். 2024 ஜூனில் இதே சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்தார்கள், ஷெஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்தார். அதற்கு எத்தனை கேமரா வந்தாலும் தகும்.

எனவே அடுத்த டிஎன்பிஎல் பருவத்திலேயே ஆரம்பியுங்கள். ஒருவருக்கு ஒரு கேமரா, 200 மி.மீ. வரை ஒரு லென்ஸ். வீடியோ கூடாது, விற்கக் கூடாது, எழுந்து நின்று மறைக்கக் கூடாது. இதை டிக்கெட்டில் தமிழிலும் அச்சிடுங்கள். பருவம் முடிந்ததும் காவலர்களிடமும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடமும் பெண் பார்வையாளர்களிடமும் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எடுத்துக்கொண்டு பிசிசிஐயிடம் பேசுங்கள். விதியை எழுதும்போது ரசிகர்கள் தரப்பில் யாராவது வந்து உட்கார வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
சேப்பாக்கம் கேலரி ரசிகன் ஒருவன்