மீனாவுக்கு: எல்எல்சி இப்போதே வேண்டுமா?

அன்புள்ள மீனா,

உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். ஜெட்லாக்கில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறை டப்பாக்களையெல்லாம் அவர் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்துவிட்டார். பெருங்காயம் எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை.

கிரீன் கார்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், வந்ததும் வேலையை விட்டுச் சொந்தமாக இறங்கிவிட்டாய். அதுவும் இந்தச் சந்தையில்! சந்தோஷம்டி. சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "வயோமிங்கில் ஒரு எல்எல்சி போட்டுவிட்டால் வரி மிச்சமாமே, உடனே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். எல்எல்சி என்றால், தொழிலின் கடன் உரிமையாளரின் சொந்தச் சொத்துக்கு வராதபடி மாநிலத்தில் பதியும் கம்பெனி, அவ்வளவுதான்.

வரியில் ஒரு காசு மிச்சமாகாது. ஒரே ஆள் வைத்திருக்கும் எல்எல்சியை வருமான வரிக்கு ஐஆர்எஸ், அதாவது மத்திய வரித்துறை, தனியாகக் கண்டுகொள்வதே இல்லை. நீயாக வேறு மாதிரி எழுதிக் கொடுக்காதவரை சொந்தத் தொழில் கணக்கைக் காட்டும் அதே ஷெட்யூல் சி படிவம், அதே 15.3 சதவீத சுயதொழில் வரி. லேப்டாப், சாஃப்ட்வேர் சந்தா போன்ற தொழில் செலவுகளைக் கழிக்கவும் எல்எல்சி தேவையில்லை. இப்போதே கழிக்கலாம்.

வயோமிங் பேச்சையும் விட்டுவிடு. 1977-ல் ஒரு எண்ணெய் கம்பெனி கேட்டதற்காக எல்எல்சி சட்டத்தை முதன்முதலில் கொண்டுவந்த மாநிலம் அது, அந்தப் பெருமை இருக்கட்டும். நீ சான் டியாகோவில் உட்கார்ந்து வேலை செய்கிறாய். ஆகவே கலிபோர்னியாவில் தொழில் நடத்துகிறாய் என்றுதான் கணக்கு. அங்கே பதிந்தாலும் இங்கே மறுபடி பதிய வேண்டும், இங்கத்திய வரியையும் கட்ட வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் அழுவதுதான் மிச்சம்.

அந்த வரி வருடத்துக்கு 800 டாலர். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். பதிவுக் கட்டணம் வெறும் 70 டாலர் என்பதைப் பார்த்து மயங்காதே. முதல் வருடம் 800 கிடையாது என்று யூடியூபில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2021 முதல் 2023 வரை பதிந்தவர்களுக்குக் கிடைத்த சலுகை, முடிந்துவிட்டது. இன்னொன்று, நீ அவசரப்பட்டு இந்த நவம்பரில் பதிந்தால் மிச்சமிருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு 800, அடுத்த வருடத்துக்கு ஏப்ரல் 15-க்குள் இன்னொரு 800. ஜனவரியில் பதிந்தால் ஒன்றோடு போகும்.

அப்படியானால் எப்போதுதான் போடுவது? எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பதைவிட, எதற்காக யார் உன்மேல் வழக்குப் போட முடியும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பல் மருத்துவர்களுக்கு முன்பதிவு இணையதளம் செய்து கொடுக்கிறாய். நோயாளிகளின் பெயர், பிறந்த தேதி, எந்தப் பல்லில் வலி என்பதெல்லாம் அதில் வருகிறது. நாளைக்கு அது கசிந்தால் சும்மா விடமாட்டார்கள். வீடு உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த பொதுச் சொத்து, கணவன் மனைவியில் யார் பட்ட கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எல்எல்சி இதில் ஓரளவுதான் கைகொடுக்கும். அதன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, மேனேஜர் என்று எழுதி அதன் சார்பில் கையெழுத்திட்டால், அந்த ஒப்பந்தத்தால் வரும் கடன் உன் வீட்டுக்கு வராது. கீழே ஒரு பையனை வேலைக்கு வைத்து அவன் சொதப்பினாலும் பெரும்பாலும் கம்பெனியோடு நின்றுவிடும். ஆனால் நீயே எழுதிய மென்பொருள் கோடில், உன் கவனக்குறைவால் ஒருவருக்குச் சேதம் வந்தால் உன்னை நேராகவே இழுக்கலாம். தனியாக வேலை செய்பவளுக்குப் பெரும்பாலான தவறுகள் அவளுடையவைதானே! அதனால் உனக்கு முதலில் வேண்டியது தொழில்முறைப் பிழைகளுக்கான காப்பீடு. இணையத் திருட்டையும் தகவல் கசிவையும் சேர்த்துக் கேட்டு வாங்கு. தள்ளிப் போடாதே.

அதோடு தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. அதற்கு எல்எல்சி வேண்டாம். ஐஆர்எஸ் தளத்தில் தொழிலுக்கான வரி எண் (இஐஎன்) இலவசம், உன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எல்லோருக்கும் கொடுக்கவும் வேண்டியிருக்காது. பின்னால் எல்எல்சி போட்டாலும் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும். கம்பெனி கார்டில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தால், இது கம்பெனியே இல்லை, இவள்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிரூபித்துவிடுவார்.

இன்றைக்கு நீ இருக்கும் நிலையில், மூன்று சின்ன கிளினிக்குக்கு நான் அவசரப்பட மாட்டேன். நீ பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மருத்துவமனைக் குழுமம் கையெழுத்துக்கு வந்தால், அல்லது வேலைக்கு ஆள் வைக்கப் போகிறாய் என்றால், அன்றைக்கே போடு. 800 பார்க்காதே. ஒப்பந்த ஆளைப் பல சமயம் ஊழியராகவே கருதச் சொல்லும் ஏபி5 சட்டம் வந்ததிலிருந்து இங்கே சில நிறுவனங்கள் தனி ஆளோடு ஒப்பந்தம் போடவே யோசிக்கின்றன. அந்தச் சட்டம் கம்பெனி இல்லாத தனி உரிமையாளரையும் அனுமதிக்கிறது, ஆனால் அவர்களுடைய வக்கீலோடு யார் வாதாடுவது?

எஸ் கார்ப், அதாவது உன் சம்பளம் போக மிச்ச லாபத்துக்குச் சுயதொழில் வரி இல்லாத வரி முறை, அதைப் பற்றி இப்போது நினைக்காதே. செலவு போக வருடத்துக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் டாலர் என்று நிலையாக நின்றால் பேசலாம். உனக்கு நீயே நியாயமான சம்பளம் போட்டு, பேரோல் ஓட்டி, தனியாக ஒரு ரிட்டர்ன் தாக்கல் செய்து, மாநிலத்துக்கு லாபத்தில் 1.5 சதவீதம் கொடுத்த பிறகும் மிஞ்ச வேண்டும்.

பதிந்த பிறகு வரும் தபால்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழுகு முத்திரை, "இறுதி அறிவிப்பு" என்று சிவப்பு எழுத்து, பார்த்தால் அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டிய உன் கம்பெனி விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய 200, 300 டாலர் அனுப்பு என்பார்கள். அந்த அறிக்கையை மாநிலத் தளத்தில் நீயே இருபது டாலரில் போடலாம். அப்படி வருவதைக் கிழித்துப் போடு.

மருத்துவமனை ஒப்பந்தத்தின் வரைவு வந்தால் எனக்கு அனுப்பு. இழப்பீட்டுப் பகுதியை மட்டுமாவது நான் பார்க்கிறேன். அதற்கு மேல் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிடு. அம்மா உன்னை விசாரித்தார், ஜனவரி வரை இங்கேதான் இருப்பார். பையனுக்குப் பள்ளி லீவு விட்டதும் இந்தப் பக்கம் வாயேன்.

அன்புடன்,
கலா