வாக்குத்தத்தம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் வாக்குத்தத்த வசனத்தை, அதாவது தேவன் தரும் வாக்குறுதியைச் சொல்லும் வேதவசனத்தை, எங்கள் வீட்டில் எல்லோரும் வாசிக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜனவரி இதழில் ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார், நீ கீழாகாமல் மேலாவாய்’ என்று போட்டிருந்தீர்கள். உபாகமம் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடந்தால்தான் இது என்ற நிபந்தனை கூடவே இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்?

உங்களை மட்டும் சொல்லவில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டைகளும் அப்படித்தான் இருக்கின்றன. ஆசீர்வாதம், உயர்வு, சுகம். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று ஓர் அட்டை யாருக்காவது வந்து நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் வேதம்தானே?

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பறிப்பு நடக்கும்போது வந்து பாருங்கள். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயைக் கொளுத்தும் வெயிலில் மரமேறிப் பறிக்கிறார்கள். காம்பு ஒடியும்போது தெறிக்கும் பால் பட்டுக் கையும் கழுத்தும் வெந்து கறுத்துப்போகும். லாரி கிளம்பியதும் கூலியைக் கேட்டால், ‘தொழிற்சாலையில் பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில் வரும். இப்படிச் சொல்கிறவர்களில் நம் சபைக்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் ‘யெகோவாயீரே’ (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று கிரானைட்டில் செதுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே மேசைமேல் இருக்கிற வேதப்புத்தகத்தில் யாக்கோபு 5:4 என்ன சொல்கிறது? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறது. வசனத்தை நம்புகிறேன் என்று சொல்கிறவன் இதையும் நம்ப வேண்டும்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். பெரிதாகப் படித்தவர் இல்லை, சபையில் எந்தப் பொறுப்பும் இல்லை. காய்க்குப் பணம் வர மாதங்கள் ஆனாலும் சரி, பறிப்பு நடந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே, தோப்பு வாசலில் நின்று கூலியை எண்ணிக் கொடுத்துவிடுவார். அதற்காக நகையை அடகு வைத்த வருஷமும் உண்டு. ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். “பொழுது போறதுக்குள்ள குடுன்னு எழுதியிருக்குதுங்க, அப்புறம் என்ன?” என்றார். உபாகமம் 24:15 என்று அவருக்கு எண் சொல்லத் தெரியாது. சங்கீதம் 15-இல், ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறவனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அது பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் கீழ் அல்லவா இருக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். சரி, யாக்கோபு நிருபம் புதிய ஏற்பாட்டில்தானே இருக்கிறது? ஒற்தலாமிலும் (புதினா) சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கண்டித்தது இயேசுதானே? வரி வசூலிப்பவனான சகேயு வீட்டுக்குக் கிருபை வந்த அன்றே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்றான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். கிருபை வந்த வீட்டில் கணக்கும் நேராகிறது.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே’ என்கிற கலாத்தியர் 3:28 என்ன பாடு படுகிறது என்று எழுதினால் அது தனிக் கடிதமாகிவிடும். மணமகன் தேவை விளம்பரங்களைப் பார்த்தாலே போதும், ஜாதிப் பெயர் முதலில், ‘ஆவிக்குரிய குடும்பம்’ என்பது அடுத்ததாக.

வாக்குத்தத்தங்களை நிறுத்தச் சொல்லவில்லை. வியாதியிலும் கடனிலும் அவற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் எத்தனையோ பேர், எங்கள் குடும்பத்திலும் உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான். வசனத்தைப் போட்டால் முழுதாகப் போடுங்கள், நிபந்தனை இருந்தால் அதையும் சேர்த்து. மாங்காய்ப் பருவம் தொடங்குகிற ஏப்ரல் மாத இதழிலாவது லேவியராகமம் 19:13-ஐக் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: ‘கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’ எங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஐந்து பிரதிகள் கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.