எழுதமுன் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்

திருகோணமலை மாவட்டத்துப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளர்களுக்கும், பிரதேச செயலகங்களின் பதிவுப் பகுதியில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம்.

22 வருடமாக உங்கள் கையெழுத்தை வாசித்துப் பிழைக்கிறவள் நான். நீங்கள் தமிழில் பதிந்து கொடுப்பதை ஆங்கிலத்துக்கு மாற்றி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று எந்தப் பக்கத்துப் பத்திரம் வந்தாலும் யாருடைய எழுத்து என்று ஓரளவு பிடித்துவிடுவேன். யாருடைய ‘ர’வும் அரவும் (‘ா’) ஒன்றுபோல இருக்கும் என்பதுகூடத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தா. வயது 67. மகள் ரொறன்ரோவில், பிள்ளைப்பேறு நெருங்கியிருந்த நேரம். பேரனுக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கும்போது தான் பக்கத்தில் நிற்க வேணும் என்பது அவவின் ஆசை. மகள் கனடாவின் சுப்பர் விசாவுக்கு எல்லாம் ஆயத்தம் செய்திருந்தா. பெற்றாருக்கு அது நல்ல விசா. பத்து வருடம் வரை செல்லும். ஒருமுறை உள்ளே போனால் தொடர்ந்து 5 வருடம் நிற்கலாம். 2022 யூலைக்கு முன் அது 2 வருடமாக இருந்தது. அதற்காகச் சும்மா தந்துவிட மாட்டார்கள். குடும்பத்தின் தலைக்கணக்குக்குப் போதுமான வருமானத்தைப் பிள்ளை காட்ட வேண்டும், குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை வேறு. எல்லாம் காசும் அலைச்சலும்தான், என்றாலும் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரேயொரு கடதாசி. இவ அவவின் தாய் என்பதைக் காட்ட, மகளின் பிறப்புப் பத்திரம்.

அதில் தாயின் பெயர் நாகம்மா. கடவுச்சீட்டில் நாகேஸ்வரி. (இரண்டும் நான் மாற்றி வைத்த பெயர்கள்.)

1984இல் மகள் பிறந்தபோது தாய் ஆசுப்பத்திரியில் கிடந்திருக்கிறா. பதியப் போனவர் தாய்மாமன். ‘தாயின்ர பேர் என்ன?’ என்று பதிவாளர் கேட்டிருப்பார். மனுசன் வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லியிருப்பார். இருவரிலும் பெரிய குற்றமில்லை. ‘அடையாள அட்டையில என்ன பேர் கிடக்கு?’ என்ற ஒரு கேள்விதான் அன்றைக்குக் கேட்கப்படவில்லை.

“பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுதிவிடு பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?” என்றா அந்த அம்மா. இதை நான் மாதம் நாலு தரமாவது கேட்கிறேன். தமிழில் ஒன்றாக இருந்து, ஆங்கில எழுத்தில் மட்டும் வேறுபாடு என்றால் நானும் வளைந்துகொடுப்பேன். பாலனுக்கு முதலெழுத்து B ஆ P ஆ என்று தமிழ் சொல்லாது. அந்த இரண்டு ஆங்கில எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பி’தான், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். முஹம்மதுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று கிண்ணியா ஆக்களிடம் கேளுங்கள். அப்படியான இடத்தில் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதுவேன், அதில் பொய் இல்லை. நாகம்மாவை நாகேஸ்வரி என்று மொழிபெயர்க்க மட்டும் என்னால் ஏலாது. அதற்குக் கீழே நான் சத்தியம் வைக்கிறேன்.

சரி, திருத்தலாமே என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். மகள் பதினைந்து வருடத்துக்கு முன் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது, கையிலிருந்த பத்திரத்தின்படி தாய் பெயர் நாகம்மா என்றே எழுதிக் கொடுத்திருக்கிறா. இங்கே திருத்தினால் அங்கே இருக்கும் கோவையோடு முட்டும். திருத்தாவிட்டால் தாயின் கடவுச்சீட்டோடு முட்டும். கடைசியில் பதிவைத் தொடாமல், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி, ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம், பழைய பள்ளிக்கூடப் பதிவு என்று ஒரு கட்டுச் சேர்த்தோம். சேர்த்து முடியமுன் மகளின் வருமானப் பத்திரங்கள் பழையதாகிவிட்டன. புது வருடத்து வரிக் கணக்கோடு திரும்பவும் ஆரம்பம். முப்பத்தொன்று எப்போதோ கழிந்தது. பேரன் இப்போது நடக்கிறான்.

உங்கள் மேசைக்கு அது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் எழுதப்படுகிற பேர் எவ்வளவு தூரம் போகிறது என்பதை நீங்கள் காண்பதில்லை. லண்டன் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த பிள்ளையை எடுங்கள். ஆங்கிலப் பரீட்சை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை, மாப்பிள்ளைக்கு வருடம் 29,000 பவுண் வருமானம் (2024 ஏப்ரலுக்கு முன் 18,600 போதுமாக இருந்தது) என்று எல்லாம் கூடிவந்தாலும் முதலில் கிடைப்பது 33 மாத விசா. பிறகு 30 மாதம் நீடிப்பு. ஐந்து வருடம் நிறைந்த பின்தான் நிரந்தர வதிவிடம், அதன் பிறகு குடியுரிமை. ஜேர்மனி என்றால் இங்கேயே கொழும்புக்கு அலைந்து ஏ1 டொச் (தொடக்கநிலை ஜேர்மன் மொழிப் பரீட்சை) பாஸ் பண்ணிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பேரும் பிறந்த திகதியும் முந்திய படியோடு ஒப்பிடப்படும். முதல் படியில் விட்ட பிழையை நடுவில் திருத்துகிறவனை எந்த நாட்டு அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான்.

இன்னொன்று, எழுத்து. ‘எழுத்து முடிஞ்சுதோ?’ என்று நாம் கேட்பது கலியாணப் பதிவைத்தான். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்தி, குடும்பம் நடத்துவார்கள். விசாக் கதை வரும்போதுதான் பதிவு ஞாபகம் வரும். இடையில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதன் பத்திரத்தில் ‘பெற்றார் விவாகஞ் செய்தவர்களா’ என்ற கூண்டில் ‘இல்லை’ என்று விழுந்திருக்கும். பிறகு எழுத்து முடித்தவர்கள் அதைத் திருத்த விண்ணப்பிக்கலாம் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. விவாகப் பதிவு முடிந்து கைகொடுக்கும்போது அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிடுங்கள்.

1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்தவர்களின் பத்திரங்கள் தனிக் கதை. சம்பூரிலிருந்து ஓடியவர்களுக்கு, பிறப்பைப் பதியச் சட்டம் தந்திருக்கும் 42 நாள் எந்த முகாமில் கழிந்தது என்றே நினைவில்லை. 2004இல் கடல் கொண்டுபோனது எத்தனை பெட்டகங்களையோ. அவர்கள் பிந்திய பதிவுக்கு வரும்போது ‘இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?’ என்று கேட்கிற ஒருவரை நான் நேரில் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, கடதாசியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டா. மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தா.

இனி, நான் கேட்பது. பிறப்புப் பதிய வருகிறவரிடம் தாய் தகப்பன் இருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பாருங்கள். பிள்ளையின் பேரை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறார்கள் என்று வீட்டில் பேசி, ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பேனை பதிவேட்டைத் தொடமுன் எல்லாக் கூண்டையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், வந்தவருக்கு வாசிக்கத் தெரிந்தாலும். திருத்தத்துக்கு வருகிறவரிடம் என்னென்ன கடதாசி வேண்டும் என்பதை முதல் நாளே முழுதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகைக்கு ஒவ்வொன்றாகச் சொன்னால், மூதூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி ஒவ்வொரு தடவையும் போகிறது.

பிறந்த இடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஊர்ப் பேரையே தமிழில் ‘க்’ வைத்தும் எழுதுகிறோம், வைக்காமலும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது வேறொரு ஊர் போல இருக்கிறது. ‘பட்டினமும் சூழலும்’ என்ற நம் பிரதேச செயலகப் பிரிவின் பேரை நான் ஆங்கிலத்தில் எழுதினால் வெளிநாட்டு அதிகாரி அகராதி தேடுவார். அது நம் கையில் இல்லை. ஒரே குடும்பத்தில் மூன்று பிள்ளைக்கும் ஒரே ஊர்ப் பேரை ஒரே மாதிரி எழுதுவது நம் கையில் இருக்கிறது.

ஆக்களை வெளிநாட்டுக்கு ஏற்றத்தான் இவ்வளவு பாடா என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். போகிறவர் எப்படியும் போவார். என் கவலை பிழையான பேரோடு போகிறவரைப் பற்றியது.

நான் சொன்ன அம்மா அடுத்த திங்கட்கிழமை உங்களில் ஒருவரிடம் வருவா. கையிலிருக்கும் பழைய பிரதியில் ‘தகவல் கொடுத்தவர்’ என்ற கூண்டு மங்கிப்போயிற்று. பதிந்தது தாய்மாமன்தான் என்று தெரியும்படி புதுப் பிரதி ஒன்று வேண்டும். 1984ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் கீழே எடுத்து வையுங்கள். அவவுக்கு முழங்கால் வருத்தம், கனநேரம் வரிசையில் நிற்க ஏலாது.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்