டொராண்டோவிலேர்ந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல செல்வி நோட்டுல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பின லெட்டர் வந்துச்சு. பஸ்லயே படிச்சுட்டேன், ரூமுக்கு வந்து திரும்பவும் படிச்சேன். போன்ல பேசுறப்ப நீ ஒண்ணும் கேக்க மாட்டேங்குற, சாப்டியா குளிருதான்னு கேட்டுட்டு அண்ணன்கிட்ட குடுத்துடுற, எழுதறப்ப மட்டும் மனசுல உள்ளது எல்லாத்தையும் கேட்டுப்புட்ட. அதனால நானும் எழுதியே பதில் சொல்றேன். செல்விய நிதானமா படிச்சுக் காட்டச் சொல்லு, கடைசியில இருக்கற விஷயத்த அண்ணன் பக்கத்துல இருக்கறப்ப படிக்கணும்.

நான் வேலை பாக்குறது சர்ச்சான்னு கீழத்தெருவுல கேக்குறாங்கன்னு எழுதிருக்க. சர்ச் இல்லம்மா, யூதங்க சாமி கும்புடுற எடம். சினகாக்னு போர்டுல இருக்கும், பெரியவங்க எல்லாம் ஷுல்னுதான் சொல்வாங்க. பாதர்ஸ்ட் ஸ்ட்ரீட்னு ஒரு நீள ரோடு, ஏரிக்கரையிலேர்ந்து வடக்க போய்க்கிட்டே இருக்கும், அந்த ரோட்டுலயும் அத சுத்தியும் இந்த மாதிரி நெறைய சினகாக் இருக்கு. நான் இருக்கறதும் அதே ரோடுதான், வில்சன் பக்கம், பிலிப்பைன்ஸ்காரங்க நெறைய இருக்குற ஏரியா, கருவாடு கூட கெடைக்கும். 7ஆம் நம்பர் பஸ் ஏறினா நேரா வேலைக்குப் போய் எறங்கிடலாம். உள்ள செலை கெடையாது, படம் கெடையாது. ஒரு பெரிய அலமாரி, அதுக்குத் திரை, உள்ள தோல்ல கையால எழுதின தோரா சுருள், அதான் அவங்க வேதம், வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒரு அணையா விளக்கு. சனிக்கெழம சனிக்கெழம சுருளப் பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சு ஒரு வருஷத்துல முடிச்சு திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க.

குளிரப் பத்தி சொல்லணும்னா இந்த மாசம் கொஞ்சம் கடுமைதான். காலைல மைனஸ் இருவது வரைக்கும் போச்சு, மூக்கு உள்ள இருக்குற ஈரம் கூட ஒறஞ்சு முள்ளு மாதிரி குத்தும். நீ பயப்படாத, நல்ல பூட்ஸ் ஒண்ணு கெடைச்சிருக்கு, சினகாக்ல துணிமணி சேக்குற பொட்டியில வந்தது, புதுசாட்டம் இருக்கு. கைக்கு ஒறை ரெண்டு ஜோடி இருக்கு.

சாப்பாடு பத்தி கேட்டிருக்க. கிச்சன்ல எனக்கு வியாழனும் வெள்ளியும் வேலை, மத்த நாள்ல பனி தள்ளுறது, நாக்காலி போடுறது, கதவு பூட்டுன்னு போகும். அவங்க கிச்சன பாத்தா நீ ஒடனே ஒத்துக்குவ. பாலுக்கு ஒரு பக்கம், கறிக்கு ஒரு பக்கம், அடுப்பு வேற, தொட்டி வேற, கரண்டி வேற, கறிப் பாத்திரத்துல சிவப்பு டேப்பு, பால் பாத்திரத்துல நீல டேப்பு ஒட்டிருக்கும், மாறிச்சுன்னா அந்தப் பாத்திரத்த தனியா எடுத்து வச்சிடணும். மீனும் தயிரும் சேத்து சாப்புடக்கூடாதுன்னு நீ எங்கள அடிச்சிருக்கியே, அத அங்க இருக்கற மேற்பார்வைக்காரர்கிட்ட சொன்னேன், அவரு ரொம்ப சந்தோஷப்பட்டாரு. அவருதான் மஷ்கியாக், எல்லாம் மொறப்படி இருக்கான்னு பாக்குறவரு. அடுப்ப பத்த வைக்கிறது மட்டும் அவரு கையாலதான், நான் பத்த வைக்கக் கூடாது, அப்புறம் கிண்டுறது கொட்டுறது எல்லாம் நான் செய்யலாம். முட்டைய ஒவ்வொண்ணா கண்ணாடி டம்ளர்ல ஒடச்சு ஊத்தி, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு ரத்தப் புள்ளி இருக்கான்னு பாத்துட்டுத்தான் பெரிய பாத்திரத்துல சேக்கணும். இருந்தா அத கொட்டிட்டு டம்ளர கழுவிட்டு அடுத்தது. ஒரு வெள்ளிக்கெழமைக்கு எத்தன முட்டைன்னு நெனைக்கிற, தட்டு தட்டா. காலிபிளவர உப்புத் தண்ணியில போட்டு பூச்சி பாக்குறதும் நீ பாக்குற மாதிரியேதான், இன்னும் கொஞ்சம் கூடவே பாப்பாங்க.

வெள்ளிக்கெழம சூரியன் எறங்குறதுக்கு பதினெட்டு நிமிஷம் முன்னாடி மெழுகுவத்தி ஏத்திட்டாங்கன்னா அதோட சரி, மறுநா ராத்திரி வரைக்கும் அவங்களுக்கு ஓய்வு நாள், தீ மூட்ட மாட்டாங்க, சமைக்க மாட்டாங்க. அதனால சனிக்கெழம சாப்பாட்ட முன்னாடியே ஏத்திடணும். சோலண்ட்னு ஒண்ணு, பீன்ஸ், பார்லி, உருளக்கெழங்கு, கறி எல்லாம் போட்டு வெள்ளி சாயந்திரம் வச்சா ராத்திரி பூரா மெதுவா வெந்து மறுநா மத்தியானம் எடுப்பாங்க, பழுப்பா கெட்டியா வரும், அந்த வாசன கட்டடம் முழுக்க நிக்கும். பூஜ முடிஞ்சதும் எல்லாரும் கீழ ஹால்ல உக்காந்து ஒண்ணா சாப்புடுவாங்க, யாருன்னு கேக்க மாட்டாங்க, வந்தவங்களுக்கு தட்டு உண்டு. மிச்சம் இருக்கறத எனக்கு டப்பாவுல போட்டுக் குடுத்துடுவாங்க, செவ்வாய் வரைக்கும் வரும். அதனால சாப்பாட்டுச் செலவே இல்லம்மா எனக்கு.

எதிர் பில்டிங்ல ஒரு பெரியவர் இருக்காருன்னு முன்னாடி சொன்னேன்ல, அங்கேரிக்காரரு, தொண்ணூறு தாண்டியாச்சு. காலைல நான் கதவு தொறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாரு. வணக்கம் எல்லாம் சொல்ல மாட்டாரு, மொதல்ல என் கையப் பாப்பாரு, ஒறை போட்டிருக்கேனான்னு, போட்டிருந்தா தலைய ஆட்டிட்டு உள்ள போயிடுவாரு. சனிக்கெழம மட்டும் கோட்டுப் பை ரெண்டுலயும் மிட்டாய் நெறஞ்சிருக்கும், பசங்க வரிசையா வந்து கை நீட்டும், ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லிக் கூப்புட்டுத்தான் குடுப்பாரு. சின்ன வயசுல 1944ல புடாபெஸ்ட்ல ஒளிஞ்சு கெடந்து பொழச்சவருன்னு மத்தவங்க சொன்னாங்க. அதப் பத்தி அவரு பேசினதில்ல, நானும் கேட்டதில்ல. நெறைய சினகாக் வாசல்ல இப்ப காவல் போட்டிருக்காங்க, எங்களுக்கும் இருக்கு, அவரு தெனமும் அந்த செக்யூரிட்டி பையனுக்கும் ஒரு மிட்டாய் குடுத்துட்டுத்தான் உள்ள வருவாரு.

இவங்களுக்கு முழு பூஜ நடக்கணும்னா பத்து பேரு வேணும்மா. ஒம்பது பேரு இருந்தா சில பிரார்த்தனை சொல்ல முடியாது, அதுலயும் முக்கியமா செத்துப் போனவங்களுக்காக சொல்ற கதிஷ் சொல்ல முடியாது. அப்பா அம்மா தவறிட்டா புள்ளைங்க பதினோரு மாசம் தெனமும் வந்து சொல்லணும், அப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதியில, நம்ம திதி மாதிரியே, அவங்க மாசமும் நெலாவ வச்சுத்தான். இந்தக் குளுருல காலைல ஏழு மணிக்கு பத்து பேரு சேக்குறது லேசு இல்ல. ஒம்பது பேரு உக்காந்திருப்பாங்க, ஒருத்தரு எழுந்து போன்ல யாரையாவது கூப்புடுவாரு, அம்மா செத்துப் போன பொண்ணு ஒண்ணு புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருக்கும். நான் அங்க நின்னாலும் கணக்குல வர மாட்டேன், யூதன் இல்லல்ல. ஆனா வழிய சுத்தமா வச்சா பத்தாவது ஆளு விழாம வந்து சேருவாருன்னு நான் வெளிய போய் பனியத் தள்ளி உப்ப போட்டுக்கிட்டிருப்பேன். கார் திரும்புற சத்தம் கேட்டா எனக்கு அப்படி ஒரு நிம்மதி. யாரோட அம்மாவோ, எனக்கு என்ன, ஆனா அப்படித்தான் இருக்கு.

செவுத்துல வரிசையா பித்தளத் தகடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு, செத்த தேதி, பக்கத்துல வெரல் நுனி அளவு பல்பு. வெள்ளிக்கெழம மத்தியானம் ஆபீஸ்லேர்ந்து அந்த வாரத்து லிஸ்ட்ட எங்கிட்ட குடுப்பாங்க. நான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பேருங்க பக்கத்துல உள்ள பல்ப மட்டும் திருகி எரிய விடுவேன், போன வாரத்தத அணைப்பேன். சில பேருக்கு சொந்தக்காரங்கன்னு யாரும் இப்ப இல்ல, அவங்க பேருக்கும் எரியும், சனிக்கெழம அந்தப் பேரையும் வாசிப்பாங்க. இந்த வேலை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, யாரையும் அவசரப்படுத்த விடாம செய்றேன்.

அப்பா போனப்ப நான் இங்க யாருகிட்டயும் சொல்லல, வேலைக்கு வந்துட்டேன். உனக்குத் தெரியும், பேப்பர் வராம நான் கெளம்ப முடியாது. கிச்சனுக்கு வர்ற மொராக்கோ பாட்டிதான் என் மூஞ்சியப் பாத்துட்டுக் கேட்டாங்க. மறுநா அவிச்ச முட்டையும் ரொட்டியும் பருப்பும் கொண்டாந்து முன்னாடி வச்சு, சாப்புடு, துக்கத்துல மொதல்ல சாப்புடறது இதுதான், அடுத்தவங்க கையாலதான் சாப்புடணும்னு சொன்னாங்க. அந்த அங்கேரிப் பெரியவரு வந்து பக்கத்துல உக்காந்து உங்க அப்பா பேரு என்ன, என்ன வேலை பாத்தாருன்னு கேட்டாரு. இந்த ஊருல அப்பா பேரக் கேட்ட மொத ஆளு அவருதான். போர்செட்டு வச்சிருந்தாரு, ஆத்துத் தண்ணி வராத வருஷம் அக்கம்பக்கத்து வயலுக்கும் விட்டாருன்னு சொன்னேன், அதுக்கு மேல சொல்ல முடியல.

இப்ப எல்லாரும் பூரிம் பண்டிகை வேலையில இருக்கோம். மார்ச் 2 திங்கக்கெழம சாயந்திரம் ஆரம்பிக்குது, நம்ம மாசி மகத்த ஒட்டித்தான். பாரசீக ராஜாவோட மந்திரி ஆமான் யூதங்கள மொத்தமா அழிக்கப் பாத்தப்ப எஸ்தர் ராணி தடுத்த கதைய சுருள்லேர்ந்து வாசிப்பாங்க, ஆமான் பேரு வர்றப்பல்லாம் பசங்க தரையத் தட்டி கிலுக்க ஆட்டி அந்தப் பேரு காதுல விழாம பண்ணணும். வேஷம் போட்டுக்கிட்டு வருவாங்க, பெரியவங்களும்தான். அந்தக் கதையோட மொத வரியிலயே இந்தியா வருதாம், இந்தியாவுலேர்ந்து எத்தியோப்பியா வரைக்கும் 127 நாட்ட ஆண்ட ராஜான்னு, அவங்க குரு ரபி என்னக் கூப்புட்டுக் காட்டினாரு. முக்கோண பிஸ்கட் சுடுறோம், உள்ள கசகசா, பேரீச்சம்பழம் எல்லாம் வச்சு. அந்த நாள்ல ஒருத்தருக்காவது ரெண்டு வகை தின்பண்டம் அனுப்பணும், ஏழைங்க ரெண்டு பேருக்காவது குடுக்கணும், அது கட்டாயம். நடக்க முடியாதவங்க வீடு வீடா கொண்டுபோயிக் குடுக்க பொட்டலம் கட்டிட்டு இருக்கோம், லிஸ்ட்ல என் பேரையும் எழுதிருக்காங்க.

அது முடிஞ்சதும் பஸ்கா பண்டிகை. ஏப்ரல் 1 புதன் ராத்திரி தொடங்கி எட்டு நாள், பங்குனி உத்திரம் சமயம். அதுக்குள்ள கட்டடத்துல ஒரு ரொட்டித் துணுக்கு இருக்கக் கூடாது. அடுப்ப சூடேத்தி எரிச்சு, மேடை பூரா பாயில் பேப்பர் ஒட்டி, பஸ்காவுக்குன்னே பூட்டி வச்சிருக்குற பாத்திரத்த எறக்கணும். மாவுல தண்ணி பட்டதுலேர்ந்து பதினெட்டு நிமிஷத்துக்குள்ள சுட்ட மட்ஸாங்குற புளிக்காத தட்டை ரொட்டிதான் சாதா ரொட்டிக்குப் பதிலு. அரிசி சாப்புடலாமா கூடாதான்னு அவங்களுக்குள்ளயே ரெண்டு வழக்கம், ஐரோப்பாக்காரங்க வீட்டுல காலங்காலமா கெடையாது, வேற சில ஊர்க்காரங்க வீட்டுல உண்டு, மொராக்கோ பாட்டி வீட்டுலயும் உண்டு. பாட்டி எனக்கு எட்டு நாளும் சோறு அனுப்புறேன்னு சொல்லிருக்காங்க. ரெண்டாம் நாள் ராத்திரி ஹால்ல எல்லாருக்கும் பொது விருந்து, தனியா இருக்கறவங்க யாரும் அன்னிக்கு வீட்டுல தனியா உக்காரக் கூடாதுன்னு ஆபீஸ்ல ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிட்டிருக்காங்க. பஸ்கா முடியுற வரைக்கும் எனக்குக் கூடுதல் வேலை குடுத்திருக்காங்க, அதனால கவலையில்ல.

அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லு. அவரு வேலை பாத்த ஜார்ஜ் டவுன்ல பவளக்காரத் தெரு இருக்குல்ல, ஐரோப்பாவுலேர்ந்து வந்த யூத வியாபாரிங்க பவளத்தக் கொண்டாந்து வைரம் வாங்கிட்டுப் போன காலத்துப் பேராம் அது, இங்க சரித்திரம் படிக்கிற ஒருத்தரு சொன்னாரு. மெட்ராஸ்னு கேட்டதும் அவரு மொகம் மலந்துடுச்சு.

போன சனிக்கெழம ராத்திரி மூணு நட்சத்திரம் தெரிஞ்சப்புறம் ஓய்வு நாள முடிச்சு வைக்கிறாங்க, விளக்கெல்லாம் அணைச்சுட்டு பின்னின மெழுகுவத்தி ஒண்ண ஏத்தி, ஒரு வெள்ளி டப்பாவ ஆளாளுக்கு மோந்துட்டு அடுத்தவங்க கையில குடுத்தாங்க. எங்கிட்டயும் குடுத்தாங்க. கிராம்பும்மா. அப்பா வெத்தலப் பொட்டிய தொறந்த மாதிரி இருந்துச்சு. வெத்தலைய மடிச்சு கிராம்பு குத்தி ஒன் கையில குடுத்துட்டுத்தானே அவரு போடுவாரு. நான் வெளிய போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். அந்தப் பொட்டிய யாருக்கும் குடுத்துடாதம்மா. எனக்கு நம்ம திண்ணையில உக்காரணும் போல இருக்கு, மழைத் தண்ணி ஒழுகினாலும் பரவால்ல.

இப்ப அண்ணன் கேக்கணும். அப்பாவோட தலைத் தெவசம் பங்குனியில வருது, தேதிய ஐயருகிட்ட கேட்டு எனக்கு எழுது, ஆங்கிலத் தேதியும் வேணும். சித்தப்பாவ கூப்புட மாட்டேன்னு அண்ணன் சொல்றதா எழுதிருக்க. வரப்பு தகராறு வரப்போட இருக்கட்டும்ணே, அளந்து கல்லு நடுறத சர்வேயர் பாத்துக்குவாரு. அப்பாவுக்கு கூடப் பொறந்தது அவரு ஒருத்தருதான். இங்க ஊரு பேரு தெரியாதவங்களுக்காக பத்தாவது ஆள போன் போட்டு வரவழைக்கிறாங்க, நம்ம வீட்டுல இருக்குற ஆள நாம வெலக்கி வைக்கக் கூடாது. போன் வேணாம், நேரா போயி கூப்புடு. சித்தி பேசலன்னாலும் உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வா.

இந்த மாசம் பணம் கொஞ்சம் கொறச்சு அனுப்பிருக்கேன், பூரிமுக்கு அப்புறம் சேத்து அனுப்புறேன். பேங்க்ல வச்ச ஒன் வளையல இப்ப மீட்க அலைய வேணாம், வட்டிய மட்டும் கட்டச் சொல்லு. தெவசத்துச் செலவு என்னோடது, அண்ணன் கடன் வாங்க வேணாம். பட்டா ஜெராக்ஸையும் அப்பா பாஸ்புக்கு மொத பக்கத்தையும் செல்விய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, பெரிய எழுத்து தெரியுற மாதிரி. சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கே எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, ராத்திரி எந்நேரமானாலும் பரவால்ல.

இப்படிக்கு
உன் சின்னவன்