இரட்டையர் முடிவுகளும் ஓர் அடைப்புக்குறியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கமான ஏ.டி.பி.யின் முதன்மைத் தொடர்களுக்கு அடுத்த படியிலுள்ள சலஞ்சர் டென்னிஸ் தொடரொன்றின் ஆண்கள் இரட்டையர் இறுதியாட்ட முடிவு, தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ‘6-4, 3-6, 10-8’ என்று அண்மையில் அச்சாகியிருந்தது. அதைப் படித்த எங்கள் அயல்வீட்டுப் பெரியவர், மூன்றாவது செட் 18 கேம்களுக்கு நீண்டதாக எண்ணி, “பாவம், பெடியள் நல்லாக் களைச்சிருப்பாங்கள்” என்றார். உண்மையில் அங்கே மூன்றாவது செட் ஆடப்படவேயில்லை. இரு இணைகளும் ஆளுக்கொரு செட்டை வென்றால், இரண்டு புள்ளி வித்தியாசத்துடன் 10 புள்ளிகளை முதலில் எட்டும் இணைக்கே வெற்றி என்பது விதி. அந்த 10-8, பல புள்ளிகள் கொண்ட கேம்களின் கணக்கல்ல, வெறும் புள்ளிக் கணக்கு என்பதைக் காட்டவே அதை [10-8] என்று பகர அடைப்புக்குள் இடுவார்கள். அடைப்பு விழுந்துபோனதால், சில நிமிட ஆட்டம் ஒரு மணி நேர ஆட்டமாகிவிட்டது.

பிழை சிறியதுதான், ஆயினும் இரட்டையர் ஆட்டம் மீதான அசட்டையே அதற்குக் காரணம் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். சலஞ்சர் இரட்டையரில், ஒரு கேம் 40-40 என்று சமமானதும் அடுத்த ஒரே புள்ளியில் அது முடிந்துவிடும். அந்தப் புள்ளியை ஆடுகளத்தின் வலப்பக்கத்திலிருந்தா இடப்பக்கத்திலிருந்தா எதிர்கொள்வது என்பதை, சேர்வ் பந்தைப் பெறும் இணையே தீர்மானிக்கும். அந்த வேளையில் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி நீட்டித் தன் துணைக்குக் காட்டும் சைகையில் இருக்கும் பதற்றம், கொழும்பு 7இல் டென்னிஸ் சங்க ஆடுகளங்களின் வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

2024 பெப்ரவரியில் சென்னையில் நடந்த சலஞ்சரில், அவ்வூரைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதன், சாகேத் மைனேனியுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு செப்டெம்பரில், சலஞ்சர் களங்களில் நெடுநாள் ஆடித் தேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவின் ஹாங்சோவில் ஏ.டி.பி. 250 கிண்ணத்தையே வென்றார்கள். இருவரும் சென்னைக்காரர்கள், ஆயினும் அந்தச் செய்தியை நான் ஆங்கிலத்திலேயே படிக்க நேர்ந்தது.

ஆகவே, சலஞ்சர் தொடர்களின் இரட்டையர் முடிவுகளை, அரையிறுதியிலிருந்தேனும், நால்வர் பெயரும் அடைப்புக்குறியும் விடுபடாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் ஒற்றையர் தகுதிகாண் சுற்று முடிவுகளைக் குறைத்துக்கொள்ளலாம். அவற்றைப் படிப்பவர் எவரையும் நான் இன்னும் சந்தித்ததில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.