ஓடைக்கரை ஏலத் தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இடுக்கி மலையில் ஏலம் போட்டிருக்கும் தோட்டக்காரர்களுக்கு,

வணக்கம். போடியிலிருந்து மலையேறி உங்கள் தோட்டங்களுக்கு அடிக்கடி வந்துபோகிறவன் நான். ஒரு தவளையையும் ஒரு மண் பாக்டீரியாவையும் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

தவளை, நடனத் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு உலகில் வேறு இடம் கிடையாது. ஓடை இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் ஆண் தவளை பாறையில் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டும். 2014இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் 14 புதிய இனங்களை அறிவித்தபோது இந்த ஆட்டம்தான் செய்தியானது. எனக்கோ அதன் தலைப்பிரட்டைதான் கவலை. அது ஓடையடி மணலுக்குள் புதைந்து கிடந்து, மணலோடு மக்கியதையும் விழுங்கி வளர்கிறது. நீங்கள் அடிக்கும் மருந்தை மழை கழுவிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே மணலில்தான்.

பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், புழுவைக் கொல்லும் மருந்தாக விற்கிறார்கள், கடையில் பி.டி. என்றால் தெரியும். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்ததற்குக் காரணம் தேடப்போய்ச் சிக்கியது. அது உண்டாக்கும் புரதப் படிகத்தைப் புழு தின்றால்தான் வேலை நடக்கும். புழுவின் குடலில் காரம். படிகம் அதில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடும். வளர்ந்த தவளை வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் பிடித்துக்கொள்ள அங்கே கொக்கியும் இல்லை. தோட்டத்தில் அடிக்கும் பூச்சிக்கொல்லி குயினால்ஃபாஸ் அப்படியா? அது நரம்பைத் தாக்குகிற மருந்து. நரம்பு புழுவுக்கும் உண்டு, தவளைக்கும் உண்டு.

(பூச்சி தின்பதில் தவளையும் சளைத்ததில்லை. ஆனால் அசைவதெல்லாம் அதற்கு இரை. பாக்டீரியா அளவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.)

சரி, பி.டி. சர்வரோக நிவாரணி என்று சொல்லவில்லை. இலைப்பேனை அது ஒன்றும் செய்யாது. ஏலத்தைக் குடையும் துளைப்பான் புழு தண்டுக்குள் நுழைந்துவிட்டால் அடித்தும் பயனில்லை. அதன் தாய் அந்துப்பூச்சி தென்பட்டதுமே கவனித்து, புழு வெளியில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும், சாயங்காலம்தான் சரி. வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

தோட்டம் முழுக்க மாற்றச் சொல்லவில்லை. ஓடையை ஒட்டிய நாலைந்து வரிசையில் துளைப்பானுக்கு பி.டி. மட்டும் அடித்துப் பாருங்கள். கொசுப் புழுவுக்கென்று விற்கும் பி.டி. வேறு வகை, தவளை தின்னும் சிறு ஈக்களின் புழுக்களையும் அது கொல்லும், ஓடையில் ஊற்ற வேண்டாம். அப்புறம், மருந்து கலக்கிய டிரம்மைத் தயவுசெய்து ஓடையில் கழுவாதீர்கள்.

இப்படிக்கு,
போடிக்காரன் ஒருவன்